அண்ணாச்சி செய்த ரூட்டர் டேபிள்

வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த மரப்பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு நீளமான மேசை இருந்தது. வாடிக்கையாளர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய இரண்டு கதவுகளைச் சேர்த்துப் போட்டது. தமிழர்கள் ஆறேழு பேர் அதன் ஒரு பக்கமாக உட்காருவோம். எங்களுக்கு ஊறுகாய் பாட்டில் ஒன்றுதான். யார் ஊரிலிருந்து கொண்டுவந்தாரோ அவர் பக்கமே அது நிற்கும். அண்ணாச்சி அந்த பாட்டிலை ஒரு தடவை பார்ப்பார். அவருக்கும் அதற்கும் நடுவில் இரண்டு பேர் இருப்பார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள் என்றால் முடிந்தது. சொல்ல மாட்டார். வெறும் தயிர்ச்சோற்றைப் பிசைந்து தின்று எழுந்துவிடுவார். யாராவது கவனித்துத் தள்ளிவிட்டால் மட்டும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, மூடியைத் திருகி, பாட்டிலை இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் யாருக்கும் அது சரியாகத் தெரியாது. தமிழர்களுக்கு அண்ணாச்சி, மற்றவர்களுக்கு உஸ்தாத், அதாவது மேஸ்திரி. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நான் அங்கே டிராஃப்ட்ஸ்மேன். கதவு, அலமாரி, சுவர்ப் பலகை எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கிற வேலை. பட்டறையின் மூலையில் எனக்கு ஒரு கண்ணாடி அறை, அதில் ஏசி. அந்த ஏசிக்காகத்தான் எல்லோரும் என்னை சார் என்றார்கள் என்று நினைக்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்த அவரும் சார் என்றுதான் கூப்பிட்டார். வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிச் சொல்லி, நான்தான் ஓய்ந்து போனேன்.

எதையும் கேட்காத மனிதரோடு பழகுவது சுகமான காரியம் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. மகா எரிச்சல். அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் முகத்தைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை மூன்று நாள் காய்ச்சலோடு மரம் இழைத்திருக்கிறார். அறையில் பக்கத்துக் கட்டில்காரர் வந்து என்னிடம் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய் நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது.

"ஏன் அண்ணாச்சி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வண்டி அனுப்பி கிளினிக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல?"

"செரியாப் போயிரும் சார். ரெண்டு மாத்திர கெடந்துச்சு, போட்டேன்."

"போட்டு?"

"போட்டும் கேக்கல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து பட்டறைக்கு வருகிற பஸ்ஸில் அவர் உட்காரும் இருக்கை உடைந்திருந்தது. சாய்ந்தால் பின்னால் இருப்பவர் மடியில் போய் விழ வேண்டியதுதான். அவர் சாயாமலேயே ஒரு கோடைக்காலம் முழுக்கப் போய் வந்தார். வேறு ஆளாக இருந்தால் டிரைவரிடம் சண்டை போட்டிருப்பான், அல்லது என்னிடம் வந்திருப்பான். ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் சும்மா நிற்கும்போது, ஒரு துண்டு பிளைவுட்டும் நான்கு போல்ட்டும் எடுத்துப்போய் அவரே அதைச் சரி செய்துவிட்டார். டிரைவருக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

என் சுபாவம் நேரெதிர். எனக்கு வாய் உண்டு. திருச்சியில் என் அப்பா தெருக் குழாய்க்கும் தெரு விளக்குக்கும் மனு எழுதியே வாழ்ந்தவர். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. பெயிண்ட் அடிக்கும் அறைக்குக் காற்று வெளியேற்றும் விசிறி, கேம்ப்புக்குக் குளிர்ந்த தண்ணீர் இயந்திரம், வெயில் காலத்தில் அரை மணி முன்னதாக வேலை தொடங்குவது என்று மேனேஜரிடம் கேட்டு வாங்கியதெல்லாம் நான்தான். பையன்கள் எனக்கு 'மனு சார்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்களுக்காகக் கேட்கிறவன் என்ற பெருமை உள்ளூர இருந்தது, மறைப்பானேன்.

அண்ணாச்சியின் லீவு ஃபாரத்தையும் நான்தான் நிரப்பினேன். இரண்டு வருடம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஊருக்குப் போக வேண்டியவர் போகாமல் இருக்கிறார். காரணம் என்னவென்றால், ஃபாரம் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் ஆச்சுன்னு அவியளுக்குத் தெரியாதா சார்? தேதி கம்ப்யூட்டர்ல கெடக்கும்லா. நான் போயி வேற கேக்கணுமா?"

"கேட்டாத்தான் குடுப்பாங்க அண்ணாச்சி. இது உங்க உரிமை."

அவர் கொஞ்ச நேரம் என் மேசையில் இருந்த அளவுகோலை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கேட்டா நம்மள நிமிந்து பாப்பான் சார். பாத்தா, இவன் யாரு, வயசு என்ன, எத்தன வருசமா இங்க கெடக்கான்னு எண்ணத் தோணும். அதுவரைக்கும் அவனுக்கு நம்ம நெனப்பே கெடையாது. பாக்காத வரைக்கும் ஒரு பயமும் இல்ல. எதுக்கு வம்பு?"

கோழைத்தனம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஃபாரத்தை நிரப்பி அவர் கையில் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். லீவு கிடைத்தது, போய்விட்டு வந்தார். எனக்கென்று ஒரு பொட்டலம் கருப்பட்டி கொண்டுவந்து, மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த லீவுக்குப் பிறகுதான் டேபிள் வேலை ஆரம்பித்தது.

ரூட்டர் என்பது கையில் பிடிக்கிற ஒரு மோட்டார். அடியில் ஒரு வெட்டுப் பல் அதிவேகமாகச் சுழலும். இரண்டு கைப்பிடியையும் பிடித்து மரத்தின் விளிம்போடு நகர்த்திக்கொண்டு போனால் வளைவும் பள்ளமுமாகப் பூவேலை விளிம்பு விழும். பணக்கார வீடுகளில் விருந்தினரை உட்காரவைக்கும் மஜ்லிஸ் அறைகளுக்கு நாங்கள் செய்த சுவர்ப் பலகைகளில் எல்லாம் இந்த விளிம்புதான். அண்ணாச்சி அதில் புலி. ஆனால் அந்த மோட்டார் கையில் இருக்கும் நேரமெல்லாம் முழங்கை வரை அதிரும். நாளைக்கு எட்டு மணி நேரம், பத்தொன்பது வருடம் அவர் அதைப் பிடித்திருந்தார்.

அந்த மோட்டாரைத் தலைகீழாக ஒரு மேசைக்கு அடியில் மாட்டிவிட்டால் வெட்டுப் பல் மட்டும் மேசையில் இருக்கும் துளை வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். இயந்திரம் அசையாது, மரத்தை நாம் தள்ளினால் போதும். இதுதான் ரூட்டர் டேபிள். கடையில் கிடைக்கும். கேட்டால் மேனேஜர் வாங்கித் தந்திருக்கலாம், தராமலும் இருந்திருக்கலாம். அண்ணாச்சி கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மிச்சம் கிடக்கிற நேரத்தில், குப்பைக்குப் போகிற துண்டுகளைப் பொறுக்கி அவரே செய்ய ஆரம்பித்தார். 

இரண்டு பிளைவுட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினார். வளையாமல் இருக்க அவற்றின்மேல் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி இரண்டு நாள் விட்டார். மேலே, ஏதோ ஒரு சமையலறை வேலையில் மீந்த ஃபார்மைக்கா. மரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் அல்லவா. ரூட்டரைத் தாங்கும் தகடு, ஒரு பழைய கடைப் பெயர்ப் பலகையிலிருந்து வெட்டிய தடித்த அக்ரிலிக். அதன் பின்பக்கம் பாதி அழிந்த அரபு எழுத்துகள் கடைசிவரை இருந்தன. அந்தத் தகடு மேசையோடு ஒட்டிச் சமமாக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை மேடாக இருந்தாலும் மரம் தட்டி நிற்கும். நான்கு மூலையிலும் சின்னத் திருகாணி வைத்து, இரும்பு அளவுகோலைக் குறுக்கே போட்டுப் பார்த்து, திருகி, மறுபடி போட்டுப் பார்த்து, ஒரு மதியம் முழுவதையும் அதற்கே செலவழித்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்டதாகவே எனக்கு நினைவில்லை.

மோட்டாரை ஏற்றி இறக்க ஒரு வழி வேண்டும். கார் ஜாக்கி ஒன்று அடியில் இருந்தால் வசதி. எங்கள் பட்டறைக்கு எதிரே ஒரு பதானின் கராஜ் இருந்தது. அதன் வாசலில் பழைய ஜாக்கிகள் துருப்பிடித்துக் கிடந்தன. போய் ஒன்று கேளுங்கள் அண்ணாச்சி என்றேன். அவர் போனார். கேட்கவில்லை. அந்த கராஜ் ஆபீஸின் கதவு தரையில் உராய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் இழைப்புளியோடு போய், கதவைக் கழற்றி, அடியைச் சீவி, மாட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லையாம். பதான் பின்னாலேயே ஓடிவந்தார்.

"உஸ்தாத், க்யா சாயியே? போலோ!" என்ன வேண்டும், சொல் என்கிறார்.

அண்ணாச்சி ஜாக்கிகள் இருந்த திசையில் பார்த்தார். அவ்வளவுதான். பதான் இரண்டாகத் தூக்கிக் கொடுத்தார். அண்ணாச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதை வைத்து நாங்கள் அவரைப் பல நாள் ஓட்டினோம். ஊரில் பெண் பார்க்கப் போனபோதும் இப்படித்தான் மாமனார் வீட்டுக் கதவைச் சீவிவிட்டு நின்றீர்களா என்று கேட்டேன். காது வரை சிவந்து போனார். இல்லை என்று சொல்லவும் இல்லை.

டேபிள் முழுமையாக நின்றபோதுதான் அதில் இருந்த இன்னொரு விஷயத்தைக் கவனித்தேன். அவருக்குக் கேட்பது பிடிக்காதது போலவே, அந்த டேபிளும் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியில்லாதபடி இருந்தது. மரத்தை எந்தப் பக்கத்திலிருந்து தள்ள வேண்டும் என்பதற்குச் சிவப்பு பெயிண்டில் ஓர் அம்புக்குறி. மாற்றித் தள்ளினால் பல் மரத்தைப் பிடுங்கி எறிந்துவிடும், விரலும் போகும். ஒவ்வொரு டிசைனுக்கும் பல் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதற்குச் சின்னச் சின்ன மரக்கட்டைகள் செய்து வைத்திருந்தார். கட்டையைப் பல்லின் மேல் பிடித்துக்கொண்டு, பல் அதைத் தொடும்வரை ஜாக்கியைச் சுற்ற வேண்டியதுதான். டேப் வேண்டாம், கணக்கு வேண்டாம். கட்டைகளில் எழுத்துக்குப் பதில் புள்ளி. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. நேபாளியோ வங்காளியோ, எந்த மொழிக்காரனுக்கும் புரியும். முழங்காலால் தட்டினால் நிற்கிற மாதிரி சுவிட்ச். மரத்தை மேலிருந்து அழுத்திப் பிடிக்கச் சீப்பு மாதிரி பல் வெட்டிய ஒரு பலகை. கை பல்லுக்கு அருகில் போக வேண்டிய அவசியமே இல்லை.

அவர் எதற்காக இவ்வளவு பாடுபட்டார் என்று எனக்குத் தெரிந்தது ஒரு டீ நேரத்தில். டீக்காரன் அன்றைக்கு கப் தீர்ந்துபோய் எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். என் தம்ளரைத் தொட முடியவில்லை, மேசையில் வைத்துவிட்டேன். அண்ணாச்சி தம்ளரின் அடியை முழுக்கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணாச்சி, சுடலையா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தம்ளரைப் பார்த்தார்.

"ரொம்பச் சூடா இருக்கோ?" என்று கேட்டார்.

தம்ளரைக் கீழே வைக்கச் சொன்னேன். கையை வாங்கிப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்து, மெழுகு மாதிரி இருந்தன. உள்ளங்கை சிவந்திருந்தது. அவருக்கு வலிக்கவில்லை; பத்தொன்பது வருட அதிர்வில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டுப் பழகியவர், ஒரு வருடமாக டீஷர்ட்டுக்கு மாறியிருந்தார். வயசுப் பிள்ளை ஆகிவிட்டீர்கள் என்று நானே கேலி செய்திருக்கிறேன். பட்டன் விரலுக்குப் பிடிபடவில்லை. கையெழுத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்ததும் அதனால்தான். ரூட்டரை இனி அவரால் இறுக்கிப் பிடிக்க முடியாது. பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரியும். டேபிளில் என்றால் மரத்தைத் தள்ளுவது தோளும் உள்ளங்கையும்தான்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். காலைல ரொம்ப மரத்துப் போவுது. வெந்நில போட்டா கொஞ்சம் வரும்."

"டாக்டர்ட்ட…"

"சார்." முதல்முறையாக என் பேச்சை மறித்தார். "டாக்டர் எழுதிக் குடுத்தா அது ஆபீஸுக்கு வரும். வந்தா என்னைய அனுப்பிருவாவ. மவ நர்சிங் படிக்கா. இன்னும் ஒரு வருசம் கெடக்கு. அத முடிச்சுட்டான்னா நானே போயிருவேன். இந்த டேபிள் இருந்தா ஒரு வருசம் ஓட்டிருவேன் சார்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். உண்மையாகவே சொல்லவில்லை. இன்று வரை அந்தக் கைகளைப் பற்றி யாரிடமும் நான் வாயைத் திறந்ததில்லை. அதை நினைத்துக் கொஞ்ச நாள் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

டேபிள் நன்றாக ஓடியது. அவரும், மரத்தை மறுமுனையில் வாங்கிக்கொள்ள நேபாளி ஹெல்பர் ஒருவரும். நேபாளிக்கும் நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு பேருக்கும் பொது மொழி என்று பெரிதாக ஒன்றுமில்லை, அண்ணாச்சியின் இந்தி, சீக்கிரம் என்பதற்கு 'ஜல்தி', மெதுவாக என்பதற்கு 'தீரே' என்ற இரண்டு வார்த்தைகளோடு நின்றுவிடும். அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நாளைக்கு இருபது பலகை போன இடத்தில் நாற்பது போனது. விளிம்பு ஒரே சீராக, அச்சில் வார்த்தது போல வந்தது. ஒரே குறை, அந்தப் பழைய மோட்டார். அடிக்கடி சூடாகி நின்றது. நின்றால் ஆற வேண்டும். அப்போதெல்லாம் அண்ணாச்சி அவசர வேலைக்கு மறுபடி கை ரூட்டரை எடுக்க வேண்டியிருந்தது. எடுக்கும்போது அவர் முகத்தைக் கண்ணாடி அறையிலிருந்து பார்ப்பேன். என்னால் தாங்க முடியவில்லை.

அவரிடம் கேட்காமல் நான் மனு எழுதினேன்.

புது மோட்டார் வேண்டும். அதற்கு மேனேஜரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். எங்கள் மேனேஜர் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் லாபம் எதில் என்று காட்டினால்தான் அசைவார். அதனால் டேபிளை நாலு பக்கமும் படம் பிடித்து, ஒரு பக்கம் முழுக்க அதன் பெருமையை எழுதினேன். நல்ல ஆங்கிலம். அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். அம்புக்குறியைப் பற்றி எழுதினேன், புள்ளி வைத்த கட்டைகளைப் பற்றி எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். இந்த டேபிளில் யார் நின்றாலும், ஒரு ஹெல்பர் நின்றால்கூட, அதே தரத்தில் வேலை வரும் என்று.

மூன்று நாளில் புது மோட்டார் வந்தது. மேனேஜரே பட்டறைக்கு இறங்கி வந்து பார்த்தார். அண்ணாச்சி ஒதுங்கி நிற்க, நேபாளியை நிற்கச் சொல்லி நாலு பலகை தள்ளச் சொன்னார். நேபாளி இரண்டு புள்ளிக் கட்டையை எடுத்தார், ஜாக்கியைச் சுற்றினார், முழங்காலால் தட்டினார், தள்ளினார். நாலும் பிசகில்லாமல் வந்தன. மேனேஜர் விளிம்பைத் தடவிப் பார்த்து அண்ணாச்சியின் தோளைத் தட்டினார். "படியா காம், உஸ்தாத்" என்றார், பிரமாதமான வேலை என்று. பிறகு அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். தலை நரைத்த, ஒல்லியான, சம்பளப் பட்டியலில் மேலே இருக்கிற ஒரு ஆசாரியை. அதைப் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதத்தில் இரண்டு பெரிய வில்லா வேலைகள் கைவிட்டுப் போயின. பட்டறையில் ஆள் குறைக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது, பேச்சு வந்த வாரமே தாளும் வந்தது. விசா கேன்சல் செய்து ஊருக்கு அனுப்ப வேண்டிய ஐந்து பேர் பட்டியலில் அண்ணாச்சி முதல் ஆள். ரூட்டர் பகுதியை நேபாளி பார்த்துக்கொள்வார். நான் தாளைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம், உஸ்தாத் போனால் எப்படி என்று மட்டும் இழுத்தேன். அவர் நிமிரவில்லை.

"யாரு நின்னாலும் வேலை வரும்னு நீங்கதானே எழுதினீங்க" என்று இந்தியில் சொன்னார்.

அவர் குத்திக் காட்டவில்லை. சும்மாதான் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ் கிளம்பும் முன் அண்ணாச்சி என் கண்ணாடி அறைக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே நிற்பவர், உள்ளே வந்து கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார், வெளியே பார்த்தார், மறுபடி செருமினார்.

"சார், நீங்க மேனேஜரு கிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

"பேக்கிங்ல போடச் சொல்லுங்க சார். இல்லன்னா கூட்டிப் பெருக்குத வேலை. சம்பளம் கொறச்சாலும் செரி. ஒரு வருசம். மவ பரீட்ச எழுதி முடிக்கட்டும். எனக்குப் பேச வராது. நீங்க கேட்டா அவரு கேப்பாரு."

"கேக்கறேன் அண்ணாச்சி. கண்டிப்பா கேக்கறேன்" என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். விரல்கள் ஒன்றோடொன்று சரியாகச் சேரவில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மறுநாள் காலை கேட்க வேண்டும் என்றுதான் மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் மேசையில் இன்னொரு கட்டுத் தாள் இருந்தது. அந்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டியவர்களின் தாள்கள். மேலாக இருந்தது என் தாள், என் போட்டோவோடு. இரண்டு டிராஃப்ட்ஸ்மேன்களில் ஒருவர் போதும் என்று ஆபீஸில் பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். மனைவி, இரண்டு பிள்ளைகள், பெரியவன் பத்தாம் வகுப்பு, எல்லோரும் என் விசாவில்தான் இங்கே இருக்கிறார்கள். வரைபடத்தில் கையெழுத்து வாங்க வந்தேன் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த நாள் ஒரு காரணம். அதற்கு அடுத்த நாள் மேனேஜர் சைட்டுக்குப் போயிருந்தார். நான்காம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டார். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார், என் தாளில் பேனாவை வைத்தபடி. கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. எத்தனையோ பேருக்காக, விசிறிக்காகவும் தண்ணீருக்காகவும், அந்த நாற்காலிக்கு முன்னால் நின்று கூசாமல் பேசியிருக்கிறேன். இப்போது அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கக் கூடாது, அந்தக் கையெழுத்து முடியும்வரை நான் ஒருவன் இருக்கிறேன் என்றே அவருக்குத் தோன்றக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது. அண்ணாச்சி பத்தொன்பது வருடம் எந்தப் பயத்தோடு வாழ்ந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தும், "இல்ல சார், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நான் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். டேபிளும் ஓடுகிறது. இரண்டு மோட்டார் மாறிவிட்டது, பலகை அப்படியே இருக்கிறது. நேபாளி ஊருக்குப் போய், வேறொருவர் வந்து, அவரும் போய்விட்டார். யாருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வருகிறவர்கள் புள்ளியையும் அம்பையும் பார்த்துத் தாங்களே தெரிந்துகொள்கிறார்கள். மனு எழுதுவதை நான் விட்டுவிட்டேன். சலிப்பாக இருக்கிறது. பையன்கள் மாறிவிட்டார்கள், என்னை மனு சார் என்று கூப்பிட்டவர்கள் ஒருவரும் இப்போது இங்கே இல்லை.

அவர் கிளம்பிய நாள் வியாழக்கிழமை. விமான நிலையத்துக்குப் போகிற வண்டி மூன்று மணிக்குப் பட்டறை வாசலில் வந்து நின்றது. பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். மணிக்கட்டு பட்டன்கள் பூட்டியிருந்தன. யாரோ அறையில் பூட்டி விட்டிருக்க வேண்டும். கடைசியாக என்னிடம் வந்தார். அந்த ஒரு வாரமும் அவர் கண்ணில் படாமல் நான் அந்த அறைக்குள்ளேயே கிடந்தேன். கேட்டீர்களா, என்ன சொன்னார் என்று அவர் ஒருநாளும் வந்து விசாரிக்கவில்லை. விசாரிப்பதும் கேட்பதுதானே.

என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். பிடி இல்லை, சும்மா வைத்திருந்தார்.

"மேனேஜரு ஒத்துக்கிடல, என்ன சார்?" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. "பரவால்ல. எனக்கு ஆயுசுல யாரும் போயி கேட்டதில்ல. நீங்க போயி கேட்டியளே, அது போதும். வீட்ல சொல்லுவேன்."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் அந்த முகத்தை அவ்வளவு நிறைவாக நான் பார்த்ததில்லை.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்."